கையை எடுக்காதே!

பிரேஸில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ. 1989-ம் வருஷம் மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை. அந்த வருஷத்து ஃபார்முலா ஒன் கார் பந்தயங்களில் முதல் பந்தயம். சிவப்பு நிற ஃபெராரிக்குள் நைஜல் மான்செல் உட்கார்ந்திருக்கிறார். பெரிய மீசை வைத்த இங்கிலாந்துக்காரர். பயம் என்றால் என்னவென்று கேட்கிற ஆசாமி. ஆனால் அன்றைக்கு ஒரு விஷயத்தில் அவருக்குத் துளிகூடச் சந்தேகம் கிடையாது. இந்த கார் கடைசிவரை ஓடப் போவதில்லை!

அதனால் மனிதர் என்ன செய்திருந்தார் தெரியுமா? வீட்டுக்குத் திரும்ப, சீக்கிரமே கிளம்பும் விமானத்தில் ஒரு சீட் போட்டு வைத்திருந்தார். பிற்பாடு அவரே சிரித்துக்கொண்டு சொன்ன விஷயம் இது.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. புது கார். சோதனை ஓட்டங்களில் பாதியிலேயே நின்று நின்று மானத்தை வாங்கிக் கொண்டிருந்தது. காரணம், அதற்குள் இருந்த ஒரு விநோதம். அந்த காரில் கியர் லிவரே இல்லை! அதற்குப் பதிலாக ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு பக்கமும் யானைக் காது மாதிரி இரண்டு சின்னத் தகடுகள். வலது காதை இழுத்தால் கியர் ஏறும். இடது காதை இழுத்தால் இறங்கும். அவ்வளவுதான். க்ளட்ச் பெடல் இருந்தது. ஆனால் காரைக் கிளப்புவதற்கு மட்டும். ஓட ஆரம்பித்த பிறகு அந்தக் காலுக்கு அதில் வேலை இல்லை.

பந்தயம் தொடங்கியது. ஒரு சுற்று ஆயிற்று. பத்து ஆயிற்று. கார் நிற்கவில்லை! நடுவில் ஸ்டீயரிங் ஆட்டம் காண ஆரம்பித்தது. பிட்டுக்கு வந்தபோது அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு ஸ்டீயரிங் மாட்டி அனுப்பினார்கள். பழையபடி சீறினார் மான்செல். கடைசியில் உலகமே மெச்சிய அலென் ப்ராஸ்ட்டின் மெக்லாரன் காரைப் பின்னுக்குத் தள்ளி முதலாவதாக வந்துவிட்டார். மேடையில் கோப்பையைத் தூக்கும்போது அதன் விளிம்பு கையைக் கிழித்து ரத்தம். அதைப் பற்றியெல்லாம் அவர் கவலைப்படவில்லை. விமானம்? அது போயே போயிருக்கும்!

பந்தயத்தில் ஒரு புது கார் ஜெயிப்பது பெரிய அதிசயமில்லை. ஆனால் அன்றைய தினம், கிட்டத்தட்ட நூறு வருஷமாக நடந்துவந்த ஒரு பழக்கத்துக்கு நாள் குறிக்கப்பட்டது. அந்தப் பழக்கம் என்ன, அது எங்கிருந்து வந்தது, அது போனதில் நமக்கு லாபமா நஷ்டமா... மூன்றையும் பார்த்துவிடலாம், வாருங்கள்.

* * *

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. காருக்கு கியர் எதற்கு?

பெட்ரோல் என்ஜின் ஒரு பிடிவாதக்காரப் பிராணி. ரொம்ப மெதுவாகச் சுழன்றால் இழுக்க மாட்டேன் என்று நின்றுவிடும். ரொம்ப வேகமாகச் சுழன்றால் உடைந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போதுதான் அதற்கு முழு பலம். ஆனால் சக்கரமோ, நின்ற இடத்திலிருந்து மணிக்கு இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் வரை எந்த வேகத்திலும் சுழன்றாக வேண்டும். இந்த இரண்டு பேருக்கும் நடுவே பஞ்சாயத்து பண்ணுவதுதான் கியர்பாக்ஸ். பல அளவுப் பல்சக்கரங்கள். மேட்டில் ஏற ஒன்று, சமவெளியில் பறக்க இன்னொன்று.

இந்தப் பஞ்சாயத்தைக் காருக்குள் ஒழுங்காகக் கொண்டுவந்தவர் எமில் லெவசோர் என்கிற ஃபிரெஞ்சுக்காரர். பனார்-லெவசோர் கம்பெனியின் பங்குதாரர். 1891-ல் அவர் செய்த ஏற்பாடு இது: என்ஜின் முன்னால், அதற்குப் பின்னால் க்ளட்ச், அதற்கும் பின்னால் கியர்பாக்ஸ், கடைசியில் பின்சக்கரம். இன்றைக்கும் எத்தனையோ லாரிகளில் இதே வரிசைதான். கியர் மாற்ற வேண்டுமா? ஒரு பல்சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போய் இன்னொன்றின் மேல் மோதிச் சேர்க்க வேண்டும். 'கரகர'வென்று ஊரே திரும்பிப் பார்க்கும். 'முரட்டுத்தனம்தான், ஆனால் வேலை செய்கிறதே!' என்று லெவசோர் சொன்னதாகச் சொல்வார்கள்.

வேலை செய்யத்தான் செய்தது. 1895-ல் பாரிஸிலிருந்து போர்டோ போய்த் திரும்பும் பந்தயம். சுமார் 1,180 கிலோமீட்டர். லெவசோர் கிட்டத்தட்ட 49 மணி நேரம் ஓட்டி முதலில் வந்து சேர்ந்தார். சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். சிரிக்காதீர்கள். மண் ரோடு, ராத்திரி, எண்ணெய் விளக்கு! இவ்வளவு செய்தும் முதல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. விதிப்படி நாலு பேர் உட்காரும் காருக்குத்தான் முதல் பரிசு. அவருடையது இரண்டு பேர் உட்காரும் கார். அடுத்த வருஷம் பாரிஸ்-மார்செய் பந்தயத்தில் ஒரு நாய்க்கு ஒதுங்கப் போய்த் தூக்கி எறியப்பட்டார் லெவசோர். பலத்த காயம். 1897-ல் இறந்துபோனார்.

அவர் போனாலும் அவருடைய 'கரகர' போகவில்லை. கியர் போடுவது ஒரு வித்தை ஆயிற்று. க்ளட்ச்சை மிதி, நியூட்ரலுக்கு வா, க்ளட்ச்சை விடு, ஆக்ஸிலரேட்டரைத் தட்டி என்ஜினின் வேகத்தைச் சரிப்படுத்து, மறுபடி க்ளட்ச்சை மிதி, கியரைப் போடு. நம் ஊர் பழைய லாரி டிரைவர்கள் 'டபுள் க்ளட்ச்' என்பார்களே, அதேதான்.

இந்தத் தலைவேதனைக்கு மருந்து கண்டுபிடித்தவர் ஏர்ல் தாம்ஸன் என்கிற அமெரிக்கர். 1928-ல் காடிலாக் காரில் வந்தது அவருடைய 'சிங்க்ரோமெஷ்'. தத்துவம் ரொம்ப எளிது. ஓடுகிற பஸ்ஸில் எப்படி ஏறுகிறார்கள்? நின்றுகொண்டே எகிறினால் பல் போய்விடும். பஸ்ஸோடு கூடவே நாலு அடி ஓடி, இரண்டு வேகமும் ஒன்றான அந்த நொடியில் ஃபுட்போர்டில் கால் வைக்க வேண்டும். கியர்பாக்ஸுக்குள் அந்த நாலு அடி ஓட்டத்தை ஒரு சின்ன பித்தளை வளையம் உரசி உரசிச் செய்து கொடுத்துவிடுகிறது. பல்லும் தப்பியது, சத்தமும் போயிற்று.

அமெரிக்கர்கள் இதோடு விடவில்லை. 'எதற்கப்பா இந்தக் கம்பியே?' என்று கேட்டு, 1940-ம் வருஷ மாடல் ஓல்ட்ஸ்மொபீல் காரில் 'ஹைட்ரமாட்டிக்' என்கிற முழு ஆட்டோமாட்டிக் கியரையே கொண்டுவந்துவிட்டார்கள். சொகுசாகத்தான் இருந்தது. ஆனால் கனம் ஜாஸ்தி, சக்தி விரயம் ஜாஸ்தி. ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுகிறவர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். 'அது ஷாப்பிங் போகிறவர்களுக்கு! எங்களுக்குக் கம்பிதான்!' என்று அவர்களுக்கு ஒரு கர்வம். அந்தக் கர்வத்தில் நியாயமும் இருந்தது. ஏனென்று சொல்கிறேன்.

* * *

மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கிறீர்கள். எதிரே ஒரு முரட்டு வளைவு. என்ன செய்ய வேண்டும் தெரியுமா? வலது கால் முன்பாதத்தால் பிரேக்கை அழுத்த வேண்டும். அதே காலின் ஓரத்தைத் திருப்பி ஆக்ஸிலரேட்டரைத் தட்ட வேண்டும். இடது கால் க்ளட்ச்சில். ஒரு கை கியர் லிவரில். மிச்சமிருக்கிற ஒரே ஒரு கை ஸ்டீயரிங்கில்! இதெல்லாம் ஒரு நொடிக்குள். வளைவு முடிந்ததும் மறுபடி மேலே ஏற்ற வேண்டும். அப்புறம் அடுத்த வளைவு.

மொனாக்கோவின் குறுகலான தெருக்களில் 1988-ல் 78 சுற்று ஓட வேண்டியிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் வளைவுக்கு வளைவு கியர். பந்தயம் முடிவதற்குள் ஆயிரக்கணக்கான தடவை. கையுறைக்குள் உள்ளங்கை கொப்புளித்துப் போகும். நாலாவது கியருக்குப் பதிலாகத் தவறுதலாக இரண்டாவது விழுந்துவிட்டால் கதை முடிந்தது. சக்கரங்கள் என்ஜினைத் தாங்க முடியாத வேகத்துக்குச் சுழற்றி, அதைத் தூள் தூளாக்கிவிடும்.

ஆக, கியர் போடுவது வெறும் வேலையல்ல. நல்ல டிரைவரையும் மகா டிரைவரையும் பிரித்துக் காட்டிய வித்தை அது. களைத்துப்போனவன் தப்பு பண்ணுவான், களைக்காதவன் ஜெயிப்பான். இதில் ஆபத்தும் இருந்தது. மிக மோசமான வளைவில் காரைத் திருப்பும் நேரத்தில்தான் ஒரு கை ஸ்டீயரிங்கில் இருக்காது.

ஃபெராரிக்காரர்களுக்கு இதை மாற்றும் யோசனை முன்பே வந்ததுண்டு. 1979 வாக்கில், அவர்களுடைய தலைமை என்ஜினீயர் மௌரோ ஃபோர்கியேரி, ஸ்டீயரிங்கில் பட்டன் வைத்து கியர் மாற்றும் ஏற்பாடு ஒன்றைச் செய்து பார்த்தார். ஓட்டிப் பார்த்தவர் ஜில் வில்னவ். கனடாவின் சூரப்புலி. ஓட்டிவிட்டு வந்து, 'எனக்குக் கம்பியே போதும்' என்று சொல்லிவிட்டார். யோசனை பரணுக்குப் போயிற்று.

பத்து வருஷம் கழித்து அதைத் தூசு தட்டி எடுத்தவர் ஜான் பர்னார்ட்.

* * *

பர்னார்ட் இங்கிலாந்துக்காரர். 1981-ல் மெக்லாரன் காருக்கு கார்பன் ஃபைபரில் உடல் செய்து, பந்தய உலகத்தையே புரட்டிப் போட்ட டிசைனர். என்ஸோ ஃபெராரி அவரை வலை வீசி அழைத்தபோது, 'வருகிறேன். ஆனால் இத்தாலிக்கு வர மாட்டேன்' என்று கண்டிஷன் போட்டார்! ஃபெராரியும் ஒப்புக்கொண்டு, இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டு பக்கத்தில் அவருக்கென்று தனி அலுவலகமே போட்டுக் கொடுத்தது. ஃபெராரி காரை இங்கிலாந்தில் வரைவதா என்று இத்தாலியில் பல பேருக்கு வயிற்றெரிச்சல்.

பர்னார்டுக்கு இருந்த தொல்லை என்னவென்றால், கியர்பாக்ஸ் இருப்பதோ காரின் பின்கோடியில். லிவரோ டிரைவர் பக்கத்தில். நடுவில் பெட்ரோல் டாங்க், என்ஜின் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு ஒரு நீளமான கம்பி போக வேண்டும். தவிர, லிவரைப் பிடித்து ஆட்ட டிரைவரின் கைக்கு இடம் வேண்டும். அதனால் காரின் உடலை ஒடுக்க முடியாது. காற்றைக் கிழிக்க ஒல்லியான உடம்பு வேண்டும் என்று தவித்துக் கொண்டிருந்தவருக்கு அந்தக் கம்பி தொண்டையில் சிக்கிய முள்.

அதனால் கம்பியைத் தூக்கிவிட்டார். கியர்பாக்ஸுக்குள் பல்சக்கரங்கள் அதே பழைய பல்சக்கரங்கள்தான். அவற்றைத் தள்ளுவதற்கு மட்டும் மனிதக் கைக்குப் பதில் எண்ணெய் அழுத்தம். அதற்கு உத்தரவு கொடுக்க இத்தாலியின் மாக்னெட்டி மரெல்லி கம்பெனி செய்த எலெக்ட்ரானிக் மூளை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு காது. ஏழு கியர்.

1988-ல் சோதனை ஓட்டம் ஆரம்பித்தது. ஆரம்பித்த வேகத்தில் நின்றது. மறுபடி ஆரம்பித்தது, மறுபடி நின்றது. அந்த ஆகஸ்டில் என்ஸோ ஃபெராரி காலமானார். பர்னார்டுக்கு இருந்த பெரிய ஆதரவு போய்விட்டது. தாய்க் கம்பெனியான ஃபியட்டின் மேலிடத்துக்குப் பொறுமை இல்லை. 'ஒரு முன்ஜாக்கிரதைக்குப் பழைய கம்பியையும் வைத்து ஒரு கார் தயார் பண்ணுங்கள்' என்று நெருக்கினார்கள்.

இந்த இடத்தில் நீங்களோ நானோ இருந்திருந்தால் தலையாட்டி இருப்போம். 'சரிங்க, இரண்டும் இருக்கட்டும்!' பர்னார்ட் மாட்டேன் என்றார். இரண்டுக்கும் இடம் விட்டால், முதல் தகராறிலேயே எல்லோரும் கம்பிக்கு ஓடிவிடுவார்கள், புதியது பிழைக்கவே பிழைக்காது என்பது அவர் கணக்கு. காரின் உடலை லிவர் வைக்க முடியாத அளவுக்கு ஒடுக்கமாகவே வரைந்தார். 'கம்பிதான் வேண்டுமென்றால் நான் போகிறேன்' என்று வேலையையே பணயம் வைத்தார். அப்படிப் பணயம் வைக்கப்பட்ட கார்தான் ரியோவில் ஓடியது.

சரி, ஜெயித்தாயிற்று. அப்புறம் சுபமா? அதுதான் இல்லை! அந்த வருஷம் ஃபெராரி மூன்று பந்தயங்களில் ஜெயித்தது. மீதியில் பாதிக்கு மேல் வழியிலேயே படுத்துக்கொண்டது. 'பார்த்தீர்களா, கம்பி இருந்திருந்தால்...' என்று நாலா பக்கமும் முணுமுணுப்பு. ஆனால் தோண்டித் துருவிப் பார்த்தபோது கியர்பாக்ஸ் பெரும்பாலும் நிரபராதி என்று தெரிந்தது. என்ஜின் அதிர்வில் ஆல்டர்னேட்டரை ஓட்டும் பெல்ட் கழன்றுகொண்டிருந்தது. மின்சாரம் குறைந்தால் எலெக்ட்ரானிக் மூளை மயங்கிவிடும். மூளை மயங்கினால் கியர் விழாது. திருடன் ஒருவன், பழி இன்னொருவன் மேல்!

* * *

கம்பிக்கும் காதுக்கும் உண்மையான போட்டியைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு வருஷம் தள்ளி, மறுபடி பிரேஸிலுக்குத்தான் போக வேண்டும். 1991 மார்ச் 24. இந்தத் தடவை சாவோ பாவ்லோ நகரத்தின் இன்டர்லாகோஸ் மைதானம்.

முன்னால் போகிறவர் அயர்டன் சென்னா. பிரேஸிலின் செல்லப் பிள்ளை. சொந்த மண்ணில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை என்கிற ஏக்கம் மனசை அரித்துக்கொண்டிருந்தது. அவருடைய மெக்லாரனில் பழைய கம்பி. துரத்தி வருபவர் நம் மான்செல். இப்போது வில்லியம்ஸ் அணியில். அந்த காரில் காது வைத்த புது கியர்.

முதலில் காது காலை வாரியது. மான்செலின் கியர்பாக்ஸ் மக்கர் பண்ணி, கார் சுழன்று நின்றது. சென்னாவுக்கு வழி சுத்தம் என்று நினைத்தால், கம்பியும் காலை வாரியது! நாலாவது கியர் போயிற்று. அப்புறம் ஒவ்வொன்றாக மற்றதும் போய், கடைசிச் சுற்றுகளில் மிஞ்சியது ஆறாவது கியர் மட்டும். மெதுவான வளைவிலும் ஆறாவது. என்ஜின் திணறுகிறது. தூறல் வேறு. பின்னால் இன்னொரு வில்லியம்ஸில் ரிக்கார்டோ பத்ரேஸே நெருங்கி நெருங்கி வருகிறார்.

சென்னா விடவில்லை. ஜெயித்தார். வித்தியாசம் 3 விநாடிக்கும் குறைவு. ரேடியோவில் அவர் போட்ட கூச்சல் அழுகையா சிரிப்பா என்று யாருக்கும் புரியவில்லை. தோளும் கழுத்தும் இறுகிப்போய், காரிலிருந்து அவரைத் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. மேடையில் கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கப் பட்ட பாடு இருக்கிறதே...

அந்த வருஷம் உலக சாம்பியன் சென்னாதான். கம்பி வைத்த காரில் ஒருவர் ஃபார்முலா ஒன் சாம்பியன் ஆனது அதுவே கடைசி. அடுத்த வருஷம், 1992-ல், காது வைத்த வில்லியம்ஸில் மான்செல் எல்லோரையும் ஊதித் தள்ளி சாம்பியன் ஆனார். 1995-க்குப் பிறகு ஃபார்முலா ஒன் மைதானத்தில் கம்பியே கிடையாது. 2005-ல் நம் கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் முதல் இந்தியராக அங்கே நுழைந்தபோது, க்ளட்ச் பெடல்கூடக் காலை விட்டுக் கைக்குப் போய்விட்டிருந்தது.

ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? இதற்கு நடுவில் பந்தய நிர்வாகிகளே பயந்துபோனார்கள். இப்படியே போனால் கம்ப்யூட்டரே தானாக கியர் மாற்றிக்கொள்ளும், டிரைவர் எதற்கு என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்று, 1994-ல் தானாக மாறும் கியருக்குத் தடை போட்டார்கள். பிறகு 2001-ல் அனுமதித்து, 2004-ல் மறுபடி தடுத்தார்கள். காது இருக்கலாம், ஆனால் அதை இழுப்பது மனித விரலாக இருக்க வேண்டும்! இந்த ஒரு விதியில்தான் முழுக் கதையின் சாரமும் இருக்கிறது. கடைசியில் வருகிறேன்.

* * *

பந்தய மைதானத்தில் நடந்தது ரோட்டுக்கு வராமல் இருக்குமா? 1997-ல் ஃபெராரி 355 காரில் அந்தக் காதுகளை விலைக்கே கொடுத்தார்கள். காசுள்ளவர்கள் க்யூவில் நின்றார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு குறை. இருப்பது ஒரே க்ளட்ச். ஒவ்வொரு கியருக்கும் அது பிரிந்து சேரும்போது கார் ஒரு நொடி தலையாட்டும்.

இதற்கு மருந்து ஏற்கனவே தயாராக இருந்தது. எப்போதிலிருந்து? 1939-லிருந்து! வைத்தியர் பெயர் அடால்ஃப் கெக்ரெஸ். அவர் வாழ்க்கையே ஒரு சினிமா. ஃபிரெஞ்சுக்காரரான இவர், ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலஸின் கார் ஷெட்டுக்குப் பொறுப்பாளராக இருந்தார். பனியில் சிக்காமல் ஓட, ராஜாவின் கார்களுக்குப் பின்சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டை மாட்டிக் கொடுத்தார். 1917 புரட்சியில் ராஜா போனார், கெக்ரெஸ் தப்பித்து ஊர் வந்து சேர்ந்தார். பட்டை மட்டும் அங்கேயே தங்கி, ராஜாவை இறக்கிய லெனினின் ரோல்ஸ் ராய்ஸிலும் ஏறிக்கொண்டது! ஃபிரான்ஸில் சித்ரோயன் கார்கள் 1922-23-ல் சஹாரா பாலைவனத்தைக் கடந்ததும் அதே பட்டையால்தான்.

அந்த கெக்ரெஸ்தான் 1939-ல், ஒரு க்ளட்ச்சுக்குப் பதில் இரண்டு வைக்கலாமே என்று யோசித்து காப்புரிமை வாங்கினார். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. டிபன் கடையில் ஒரு தோசையைத் தட்டில் போடும்போதே அடுத்த தோசை கல்லில் வெந்து தயாராக இருக்குமே, அது மாதிரி. மூன்றாவது கியர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாலாவது தயாராகக் காத்திருக்கும். ஒரு க்ளட்ச் விடும்போதே மற்றது பிடித்துக்கொள்ளும். இடைவெளியே இல்லை.

ஆனால் அப்போது அதை ஆட்டுவிக்க எலெக்ட்ரானிக்ஸ் இல்லை. உலக யுத்தம் வேறு வந்தது. 1943-ல் கெக்ரெஸ் போய்விட்டார். நாற்பது வருஷம் கழித்து போர்ஷே கம்பெனி தன் பந்தய கார்களில் அந்த ஐடியாவுக்கு உயிர் கொடுத்தது. 1986-ல் இத்தாலியின் மோன்ஸாவில் அது ஒரு பந்தயத்தை ஜெயித்தும் காட்டியது. 2003-ல் ஃபோக்ஸ்வாகன், கோல்ஃப் என்கிற குடும்ப காரின் வேகமான வகை ஒன்றிலேயே அதைக் கொண்டுவந்துவிட்டது.

அதற்கப்புறம் கம்பியால் ஈடுகொடுக்க முடியவில்லை. எவ்வளவு கெட்டிக்காரக் கையானாலும், க்ளட்ச்சை மிதித்துக் கம்பியைத் தள்ளி மறுபடி விடுவதற்குள் இயந்திரம் வேலையை முடித்துவிட்டுக் கொட்டாவி விடும். 2009-ல் வந்த ஃபெராரி 458-ல் கம்பி கேட்டாலும் கிடைக்காது. 2011-ல் வந்த லம்போர்கினி அவென்டடாரிலும் அப்படியே.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. 2014-ல் மாருதி செலெரியோவில் 'ஏஎம்டி' என்று ஒன்று வந்ததே, நினைவிருக்கிறதா? க்ளட்ச் இல்லாமல் ஓட்டலாம், விலையும் கட்டுப்படி என்று ஜனங்கள் வாங்கினார்கள். அதைச் செய்து கொடுத்தது யார்? ரியோவில் மான்செலின் காருக்கு எலெக்ட்ரானிக் மூளை கொடுத்த அதே மாக்னெட்டி மரெல்லி! சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், அதை ஆட்ட எண்ணெய் அழுத்தம், உத்தரவு போட எலெக்ட்ரானிக்ஸ். தத்துவம் அதேதான். டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஃபெராரி செய்த உபகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2013-ல் ஒரு கலகம் வெடித்தது.

போர்ஷே தன்னுடைய 911 ஜிடி3 காரின் புது மாடலைக் கொண்டுவந்தது. ரோட்டிலும் ஓட்டலாம், பந்தய மைதானத்திலும் விரட்டலாம் என்கிற வகை. அதில் இரட்டை க்ளட்ச் மட்டுமே, கம்பி கிடையாது. பழையதைவிட வேகம். 'எல்லோரும் சந்தோஷப்படுவார்கள்' என்று கம்பெனி நினைத்தது. ரசிகர்கள் பொங்கி எழுந்தார்கள். 'எங்கள் காரைக் கெடுத்துவிட்டீர்களே!'

போர்ஷே 2016-ல் கம்பி மட்டுமே உள்ள '911 ஆர்' என்று ஒரு காரை 991 எண்ணிக்கையில் மட்டும் செய்து பார்த்தது. அத்தனையும் போயிற்று. வாங்கியவர்களிடமிருந்து மறுபடி வாங்க, புது விலையைப்போலப் பல மடங்கு கொடுக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள்! 2017-ல் ஜிடி3-க்கே கம்பி திரும்பி வந்தது. பிறகு கோர்டன் மரே என்கிற மேதையின் டி.50 வந்தது. நூறே நூறு கார்கள். என்ஜின் நிமிஷத்துக்கு 12,100 சுற்று. கியர்? காலால் மிதித்துக் கையால் போடும் பழைய ஆறு கியர்!

மெதுவான ஒன்றுக்கு ஏன் இவ்வளவு விலை? கைக்கடிகாரத்தை யோசித்துப் பாருங்கள். சில நூறு ரூபாய் க்வார்ட்ஸ் வாட்ச் காட்டுகிற துல்லியத்தைச் சாவி கொடுக்கிற ஸ்விஸ் வாட்ச்சால் தர முடியாது. ஆனாலும் லட்சம் லட்சமாகக் கொடுத்து வாங்குகிறார்கள். மணி பார்ப்பதற்கு அல்ல. வேகமும் அப்படித்தான் ஆகிவிட்டது. யாரும் காதை இழுத்து எட்டிவிடலாம் என்று ஆனபிறகு, தப்பு நடக்க வாய்ப்புள்ள இடத்தில் தப்பு நடக்காமல் செய்வதற்குத்தான் மதிப்பு. கை செய்த வேலை என்கிற திருப்தி.

இதைச் சொன்னதும், 'காது வைத்தவர்கள் எல்லாம் டிரைவரே இல்லை' என்று கம்பிக் கட்சியில் சேர்ந்துவிடாதீர்கள். இன்னொரு மனிதரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இத்தாலியின் அலெஸ் சனார்டி. அமெரிக்காவின் கார்ட் பந்தயங்களில் இரண்டு தடவை சாம்பியன். 2001 செப்டம்பரில் ஜெர்மனியில் நடந்த விபத்தில் இரண்டு கால்களையும் இழந்தார். 2019-ல் டேட்டோனா 24 மணி நேரப் பந்தயத்தில் பிஎம்டபிள்யூ அணிக்காக ஓட்டினார். செயற்கைக் கால்கூட மாட்டிக்கொள்ளாமல்! ஆக்ஸிலரேட்டர் ஸ்டீயரிங்கோடு ஒட்டிய வளையம். பிரேக் கையால் தள்ளும் கம்பி. கியர்? ஸ்டீயரிங்கில் இருந்த அதே காதுகள். க்ளட்ச்சை மிதித்தே தீர வேண்டும் என்றிருந்தால் அந்த மனிதருக்கு அந்த இருக்கை கிடையாது. அவரைப் பார்த்து 'நீ டிரைவர் இல்லை' என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

ஆக, நூறு வருஷச் சண்டையில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. 'எது வேகம்?' என்பது ஒன்று. அதற்குக் கடிகாரம் 1992-லேயே பதில் சொல்லிவிட்டது. 'ஓட்டுவது யார்?' என்பது இரண்டாவது. அதற்குக் கடிகாரத்திடம் பதில் இல்லை. 1994-ல் தடை போட்டவர்கள் பயந்தது இந்த இரண்டாவது கேள்விக்குத்தான். எப்போது மாற்றுவது என்று முடிவு பண்ணும் மூளை மனிதனுடையதாக இருக்கும்வரை, இழுப்பது கம்பியா காதா என்பது சின்ன விஷயம். அந்த முடிவையும் பிடுங்கிக்கொண்டால் மிஞ்சுவது ஒரு பிரயாணி.

இனிமேல் பெரும்பாலும் மிஞ்சப் போவதும் பிரயாணிகள்தானோ என்னவோ. மின்சாரக் கார்களுக்கு நம் பஞ்சாயத்துக்காரர் தேவையே இல்லை. மோட்டார், நின்ற இடத்திலிருந்தே முழு பலத்தோடு இழுக்கும். கியர் மாற்ற ஒன்றுமில்லை. அப்படியிருக்க, 2023-ல் ஹூண்டாய் கம்பெனி 'அயோனிக் 5 என்' என்று ஒரு வேக மின்சாரக் காரைக் கொண்டுவந்தபோது என்ன செய்தது தெரியுமா? ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு காது வைத்தது! இழுத்தால், இல்லாத எட்டு கியர்களில் ஒன்று மாறின மாதிரி கார் ஒரு குலுக்குக் குலுக்கும், ஸ்பீக்கரிலிருந்து என்ஜின் உறுமும். பிடிக்காவிட்டால் ஒரு பட்டனில் அணைத்துவிடலாம்.

இத்தனை பேர் அரும்பாடுபட்டு ஒழித்த குலுக்கலை, காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்கள். லெவசோர் இருந்திருந்தால், அந்த 'கரகர' சத்தத்தையும் சேர்த்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டிருப்பார்!